சிவப்புப் புள்ளி வைத்த திருகு

எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கோடு போட்ட தாளில் எழுதினாலும் வரி கோட்டை விட்டு மேலே ஏறிவிடுகிறது. மறதியும் கூடிவிட்டது. முந்தி நடந்ததைப் பிந்தியும் பிந்தி நடந்ததை முந்தியும் சொல்லிவிடுவேன், படிக்கிறவர்கள் கோபப்படக் கூடாது. ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. தாள் திரும்பிப் பார்க்காது என்பதால் இதில் சொல்கிறேன்.

அவர் பெயரைப் போடவில்லை. தன்னைப் பற்றி நாலு பேர் பேசுவது அவருக்குப் பிடிக்காது. என்னை ‘எக்கா’ என்பார். அவரும் நம்ம கடற்கரைக்காரர்தான், எங்கள் ஊரிலிருந்து நாலைந்து ஊர் தள்ளி. ஷார்ஜாவில் ஒரு கப்பல் பட்டறையில் ஃபிட்டர். குழாய், வால்வு, போல்ட், நட்டு, இதுகளைப் பூட்டுவதும் கழற்றுவதும் வேலை. அதே கம்பெனியில் என் மகன் டைம்கீப்பர். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து, பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று மகன் என்னை விசா எடுத்து அங்கே கூட்டிப்போனான். மருமகள் நர்ஸ். ஒரு நாள் பகல் டியூட்டி, ஒரு நாள் ராத்திரி டியூட்டி.

பழைய வில்லா ஒன்றைப் பலகை வைத்துத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். முன்பக்கம் நாங்கள். பின்பக்கம் ஒற்றை அறையில் அவர். நடுவில் மணல் முற்றம், சுற்றிலும் ஆள் உயர மதில், ஒரு இரும்புக் கேட். அந்தக் கேட்டைத் தாண்டி நான் போனது கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான். எனக்கு அங்கத்திய பாஷை ஒன்றும் தெரியாது. தனியாகக் கடைக்குப் போனால் திரும்பி வர வழி தெரியாது. எல்லா வில்லாவும் ஒரே நிறம். கோடையில் கதவைத் திறந்தால் அடுப்பு வாய் திறந்தது மாதிரி இருக்கும். அதனால் ஏசி உறுமுகிற அறையும் அடுக்களையும்தான் எனக்கு உலகம். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்று மகன் சொல்வான். சில சாயங்காலம் உப்புக் காற்று வந்து மூக்கில் படும். கடற்கரையில் பிறந்தவளுக்கு வாசம் மட்டும் காட்டிவிட்டுக் கடலைக் காட்டாமல் வைத்திருப்பது எப்படி இருக்கும் என்று எழுதத் தெரியவில்லை.

அடுக்களை ஜன்னலில் நின்றால் அவர் அறையை ஒட்டின ஷெட் தெரியும். அதனால்தான் அவரை எனக்கு இவ்வளவு தெரிந்தது.

எதற்கும் பலம் பிடிக்காத மனுஷர் அவர். எங்கள் வீட்டில் பைப் மூடாமல் சொட்டினால் மகன் பல்லைக் கடித்துக்கொண்டு திருகுவான். அவர் வந்து, “பலம் குடுக்காதீங்க, வழி குடுங்க” என்பார். அது என்ன வழியோ, எதையோ கழற்றி எதையோ மாற்றுவார், பிறகு பேத்திகூட ஒரு விரலால் மூடுவாள். அவர் அறையில் எல்லாமே அப்படித்தான். பைப்பின் காதில் ஒரு நீளக் கம்பியைப் பூட்டியிருந்தார். கதவுக் கைப்பிடியில் கயிறு கட்டி, முழங்கையை மாட்டித் திறப்பார். கரண்டிக் காம்பில் ரப்பர் ஹோஸைச் சொருகித் தடியாக்கி வைத்திருந்தார். மருமகள் சிரிப்பாள்: “உங்க ரூம்ல எல்லாத்துக்கும் வால் முளைச்சிருக்கு அண்ணே.” அவரும் சிரிப்பார். ஃபிட்டர் புத்தி, சும்மா இருக்காது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

சனியும் செவ்வாயும் நான் மீன் குழம்பு வைத்தால் அவருக்கு ஒரு தூக்கில் போகும். ஊறுகாய் போட்டால் ஒரு குப்பி போகும். குப்பி திரும்பி வரும்போது கழுவித் துடைத்து வரும். மூடி மட்டும் மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். பூட்டி வந்ததே இல்லை. இதை நான் பார்த்தேன், யோசிக்கவில்லை.

இனி அந்தக் காரைச் சொல்ல வேண்டும். அவருடைய கம்பெனியில் ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் இருந்தார். அவர் தன் நாட்டிலிருந்து ஒரு காரைப் பெட்டி பெட்டியாக வரவழைத்திருந்தார். அலமாரியை வாங்கி வீட்டில் பூட்டுகிறது மாதிரி, காரையும் வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாமாம். பாதி பூட்டுவதற்குள் அவருக்கு வேலை முடிந்து ஊருக்குப் போக வேண்டி வந்தது. போகும்போது இவரிடம் கொடுத்துவிட்டார். ஒரு சின்ன லாரியில் சட்டம், சக்கரம், பழைய என்ஜின், பிறகு மேல்கூடு எல்லாம் வந்து இறங்கியது. கூடு ஃபைபர். நம்ம ஊரில் கடலுக்குப் போகிற ஃபைபர் வள்ளத்துக்குப் பூசுகிற அதே பசை வாசம். என் வீட்டுக்காரர் வள்ளத்துக்கு ஓட்டை அடைத்த நாட்களெல்லாம் அந்த வாசத்தில் வந்து நின்றன. நான் ஜன்னலைச் சாத்தாமல் நின்றேன்.

டியூட்டி முடிந்து வந்து தினம் கொஞ்சம் பூட்டுவார். இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது, முன்சக்கரம் இரண்டும் அகலமாய், தவளை மாதிரி தரையோடு படுத்திருக்கும். ரோட்டில் ஓட்ட நம்பர் கிடைக்காது என்று மகன் முதல் நாளே சொல்லிவிட்டான். “முத்தத்துக்குள்ளேயே ஓடட்டும், டைம்கீப்பரே. நாம எல்லாரும் அப்பிடித்தானே ஓடுகோம்” என்று அவர் சொன்னார். முற்றத்தை வட்டம் போட்டு வருவார். மதில், ஷெட், தண்ணீர்த் தொட்டி, எங்கள் அடுக்களை, மறுபடியும் மதில். ஒவ்வொரு தடவையும் ஜன்னலுக்கு நேரே வரும்போது, “எக்கா, கடலுக்கு வாறியளா?” என்பார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன்.

பிறகு ஒரு நாள் கார் முற்றத்து மூலையில் நின்றுவிட்டது. என்ஜின் ஓடுகிறது, சக்கரம் திரும்பவில்லை. மதிலுக்கு நேரே மூக்கை வைத்துக்கொண்டு அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முகம் சிவந்து வேர்த்தது. கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார். பிறகு இறங்கி வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று சொன்னார், நின்ற இடத்தில் திருப்ப இந்த வண்டி ரொம்ப கனம், முன்பக்கம் அகலச் சக்கரம், பவர் ஸ்டீயரிங் இல்லை, கரண்டில் ஓடுகிற ஒன்றை வைத்தால் சரியாகும் என்று. வண்டி மேல்தான் குற்றம் என்று நானும் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை ஸ்கிராப் கடைகளுக்குப் போய், மோதி நசுங்கின ஒரு சின்னக் காரிலிருந்து ஸ்டீயரிங் தண்டை எடுத்து வந்தார். தண்டின் நடுவில் பனங்காய் மாதிரி ஒரு மோட்டார் ஒட்டியிருந்தது. நாம் திருப்புகிற பக்கம் அதுவும் சேர்ந்து தள்ளுமாம். தண்டை வெட்டி, நீளம் பார்த்து, பட்டறையில் ஒட்டவைத்து வந்தார். அதோடு வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்த ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. அதில் ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒரு திருகு. திருகைக் கூட்டினால் மோட்டார் அதிகம் உதவும், குறைத்தால் குறைவாக உதவும்.

பூட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். ஓட்ட வேண்டாம், உட்கார்ந்து திருப்பினால் போதும் என்றார். நான் வரமாட்டேன் என்றேன். மருமகள் கையைப் பிடித்துக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். கருங்கல். அவர் திருகைக் கொஞ்சம் திருப்பினார். மெல்ல அசைந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினார். ஆட்டுக்கல்லில் மாவு பதமாகும்போது குழவி இலகுவாகச் சுற்றுமே, அப்படி வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை பெரிய சக்கரம் என் கைக்குத் திரும்புகிறது.

“எக்காவுக்கு ஏத்த அளவு இது. எக்கா கைக்குத் திரும்பினா யாரு கைக்கும் திரும்பும்” என்று அவர் சொன்னார். மருமகளிடம் நகப்பூச்சு கேட்டு வாங்கி, திருகு நின்ற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். அந்தப் புள்ளி என் புள்ளி. இவ்வளவு வயசில் எனக்கென்று ஒரு அடையாளம் வைத்தார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவர் மறுபடியும் வட்டம் போட்டார். நான் கொடியில் துணி போடும்போது காருக்குள் எட்டிப் பார்ப்பேன், என் புள்ளியைப் பார்க்க. முதலில் திருகு புள்ளியில்தான் நின்றது. கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்டின சமயம் பார்த்தபோது புள்ளியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. நோன்பு காலத்தில் பார்த்தால் இன்னும் தாண்டியிருந்தது. கோடை பிறந்தபோது அது போகிற மட்டும் போய் முட்டிக்கொண்டு நின்றது.

அன்றைக்கு அவர் டியூட்டியில் இருந்தார், சாவி ஷெட்டில் ஆணியில் தொங்கியது. எனக்கு எப்படித் தைரியம் வந்ததோ. உட்கார்ந்து, அவர் செய்கிறது மாதிரி சாவியைப் போட்டு, என்ஜினைக் கிளப்பாமல் ஸ்டீயரிங்கைத் தொட்டேன். தொட்டதுதான். ஒரு விரலுக்கு அது ஓடிவிட்டது. எனக்குப் பயமாகிவிட்டது. இப்படி இருந்தால்தான் அவருக்குத் திரும்புகிறது என்றால், அவர் கையில் மிச்சம் என்ன இருக்கிறது? அப்போதுதான் பைப்பின் கம்பி, கதவின் கயிறு, கரண்டியின் ரப்பர், பூட்டாத மூடி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். அன்று மீனை உப்புப் போடாமல் வைத்துவிட்டேன்.

கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தடவை ஊறுகாய் கொடுக்கும்போது மூடியை இறுக்காமல், மேலே வைத்துக் கொடுத்தேன். இரண்டு மூன்று தடவை அப்படிக் கொடுத்தேன். பிறகு ஒரு நாள் சாயங்காலம் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றார்.

“எக்கா, எப்ப தெரிஞ்சுது?”

நான் தரையைப் பார்த்தேன். “அந்தத் திருகைப் பாத்தேன் தம்பி” என்றேன்.

வாசல்படியில் உட்கார்ந்து அவர் சொன்னதை நான் சுருக்கித்தான் எழுத முடியும். அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியதாம். முதலில் விரல், பிறகு கை, பிறகு தோள். வள்ளத்தில் போன மனுஷர் கட்டிலோடு ஆனார். ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டு வருஷக்கணக்கில் கிடந்து செத்தார். தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்க்க வேண்டுமென்றாலும் யாராவது வந்து தூக்க வேண்டும். இவரும் லீவுக்குப் போகும்போதெல்லாம் தூக்கியிருக்கிறார். கட்டில் இன்னும் அதே இடத்தில் கிடக்கிறதாம், அவருடைய அம்மா எடுக்க விடவில்லை. தன் கை விட்டுப்போகிறது என்று ஊரில் இருக்கிற மனைவியிடம்கூட இவர் சொல்லவில்லை.

“இஞ்ச இருந்தா டியூட்டி செய்யிற ஆளு. ஊருக்குப் போனா அந்தக் கட்டிலுக்கு ஆளு. எல்லாருக்கும் பாத்த உடனே தெரிஞ்சிரும் எக்கா, அண்ணனைப் பாத்த கண்ணுதானே.”

கம்பெனியில் மெடிக்கல் வரப்போகிறது என்றும் சொன்னார். ஒரு இரும்புப் பிடியைக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்வார்கள், முள் ஏறவில்லை என்றால் அன்ஃபிட், விசா கேன்சல். அதுவரைக்கும் பட்டறையில் எப்படியோ சமாளிக்கிறாராம், நீளக் கம்பி போட்டு, உடம்பைச் சாய்த்து. என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: “மூடியை இறுக்கியே குடுங்க எக்கா. நானே ஒரு வழி பாத்துத் திறந்துக்கிடுதேன்.” அதற்குப் பிறகு நான் இறுக்கித்தான் கொடுத்தேன். ஒவ்வொரு தடவை இறுக்கும்போதும் கல்நெஞ்சுக்காரி மாதிரி இருந்தது.

அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு, நம்ம பூசையும் அன்றைக்குத்தான். அந்த வெள்ளி எனக்கு முட்டு வலி, கோயிலில் நிற்க முடியாது என்று வீட்டில் இருந்துவிட்டேன். மகன், மருமகள், பேத்தி மூன்று பேரும் போய்விட்டார்கள். மத்தியானம் பள்ளிவாசல் தொழுகை நேரம், தெருவில் ஒரு குஞ்சு குருவி கிடையாது. கார் என்ஜின் சத்தம் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றது.

“எக்கா, மெடிக்கல் நாளைக்கு. வாருங்க, கடலைக் காட்டிட்டு வந்திருதேன். பத்து வீடு தள்ளித்தான் இருக்கு.”

அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஏறினேன். கேட்டை முதலிலேயே திறந்து வைத்திருந்தார். உள்ளங்கையால் ஸ்டீயரிங்கைத் தடவுகிறது மாதிரித்தான் ஓட்டினார், அது சொன்ன பேச்சு கேட்டது. கேட்டைத் தாண்டி முன்சக்கரம் ரோட்டில் ஏறியது. கடல் பக்கம் திரும்ப வேண்டும். பாதி திரும்பும்போது காலடியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஃபியூஸ் போய்விட்டது. மோட்டார் நின்றது, ஸ்டீயரிங் பழையபடி கருங்கல். அவர் பதறி பிரேக்கை மிதித்ததில் என்ஜினும் நின்றுவிட்டது. வண்டி கேட்டுக்குப் பாதி உள்ளே, பாதி ரோட்டில் குறுக்கே. வலது பக்கத்திலிருந்து ஒரு தண்ணீர் டேங்கர் லாரி வந்துகொண்டிருந்தது.

அவர் இழுத்தார். கை வழுக்கி மடியில் விழுந்தது. மறுபடியும் போட்டார், மறுபடியும் விழுந்தது. என் பக்கக் கதவு கேட்டுத் தூணோடு ஒட்டி நின்றதால் நான் இறங்க முடியாது. லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. நான் எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்தேன், அவர் கைமேல் என் கை. கரைவலை இழுத்த கைதான், ஆனால் கிழவியின் கை. இரண்டு பேருமாக இழுத்தும் ஒரு சாண்கூடத் திரும்பவில்லை. லாரி கிறீச்சிட்டு, எங்கள் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. பாகிஸ்தான் பக்கத்துப் பட்டாணிக்கார டிரைவர் இறங்கி வந்து, “ஸ்டீயரிங் காட்டோ, பாய்” என்று, திருப்பச் சொல்லிக் கையை ஆட்டினார். இவர் அசையவில்லை. பிறகு அந்த மனுஷர் குனிந்து எங்கள் இரண்டு பேர் கையையும் பார்த்தார். எங்கள் கையை எடுத்துவிட்டு, வெளியில் நின்றபடியே ஒற்றைக் கையால் திருப்பி, மற்றக் கையால் காரைப் பின்னால் தள்ளி உள்ளே விட்டார்.

அந்த நேரம்தான் பூசை முடிந்து மகன் வந்து இறங்கினான். எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

என்னிடம் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. அவர் பக்கம் போய், “கையைக் குடுங்கண்ணே” என்று தன் கையை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. மகன் நீட்டின கையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு இறக்கினான். அடுக்களைக்கு வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டான். “எம்மா, அவருக்குக் கீழ ஆளு நின்னு வேல பாக்குதாவ. மேலேருந்து வால்வு கைய விட்டுப் போச்சுன்னா?” ஜன்னல் திறந்திருந்தது. ஷெட்டில் அவர் கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கேட்கவில்லை என்று நினைக்க எனக்கு ஆசைதான்.

மறுநாள் மெடிக்கலில் நடந்ததை மகன் வந்து சொன்னான். அந்த இரும்புப் பிடியை அவரிடம் நீட்டினார்களாம். அவர் தொடவே இல்லை. எழுதிக்கோங்க, கை இல்லை என்று மட்டும் சொன்னாராம். வெளியே வந்து மகனிடம், “கேட்டுல வச்சு, இறங்க வழியில்லாம எக்காவையும் சேத்துப் பூட்டிட்டேனே டைம்கீப்பரே” என்றாராம்.

கேன்சல் ஆகிப் போவதற்கு முந்தின நாள் அந்த ஸ்டீயரிங் தண்டைக் கழற்றினார். கழற்றினார் என்று எழுதுகிறேன், ஸ்பேனர் பிடித்தது என் மகன். பேனா பிடித்த கை, போல்ட் கழற்றத் தெரியவில்லை. இவர் பக்கத்தில் குந்தியிருந்து, பலம் குடுக்காதீங்க, வழி குடுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மோட்டார், கறுப்புப் பெட்டி, திருகு எல்லாம் துணியில் சுற்றிச் சட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டி கட்டியாயிற்று. ஊருக்கு எதற்கு இந்த இரும்பு என்று மருமகள் கேட்டாள். சும்மா கிடக்கட்டும் என்றார். நான் கடைசியாக ஒரு குப்பி நெத்திலி ஊறுகாய் கொடுத்தேன். மூடியை இறுக்கித்தான் கொடுத்தேன்.

ஸ்டீயரிங் இல்லாத காரை வில்லாக்காரர் ஆள் வைத்து இழுத்துக்கொண்டு போனார். முற்றத்து மணலில் அது சுற்றின வட்டம் மட்டும் ரொம்ப நாள் கிடந்தது. அதற்குப் பிறகும் நான் அந்த ஜன்னலில் சில வருஷம் நின்றேன். கடலைப் பார்த்தது ஊருக்குத் திரும்பும்போது, விமானத்திலிருந்து. அது கணக்கில் வராது.

ஊருக்கு வந்தபிறகு அவரைப் போய்ப் பார்க்க வெட்கம் விடவில்லை. தெரியாத வீட்டுக்குப் போய் என்ன சொல்லி நிற்பேன்? அவர் ஊரிலிருந்து மீன் கொண்டுவருகிற ஒருத்தி சொன்னாள். அவர் கட்டிலில்தான் இருக்கிறாராம், அண்ணனுடைய அதே கட்டில், அதே ஜன்னல். ஆனால் தலைமாட்டுக்குக் கீழே ஒரு கார் ஜாக்கியும், அதைச் சுற்ற ஒரு மோட்டாரும் பூட்டியிருக்கிறதாம். பக்கத்தில் ஒரு கம்பி நிற்கிறதாம். அதை இந்தப் பக்கம் ஒரு விரலால் தொட்டால் தலைமாடு தூக்குமாம், அந்தப் பக்கம் தொட்டால் இறங்குமாம். யாரையும் கூப்பிடாமல் அவரே தூக்கி, ஜன்னலில் கடலைப் பார்க்கிறாராம்.

அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள். அதனால்தான் கேட்கிறேன். ஊர்ப் பெயர் போடாவிட்டாலும், அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது யார் என்று தெரிந்திருக்கும். யாராவது அந்த வீட்டுக்குப் போனால், அவள் சொன்னது சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். நான் எழுதினதில் தப்பு இருந்தால் அவரிடமே கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். கட்டில் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தால், அதில் நகப்பூச்சுப் புள்ளி இன்னும் அழியாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது என் அளவு.